கேமரா கடைக்குப் போகும் முன் கல்யாண மண்டபத்துக்குப் போங்கள்

கேள்வி: எனக்கு 24 வயது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கல்லூரியில் படிக்கும்போதிருந்தே போட்டோ எடுப்பதில் ஆசை. சித்தப்பாவின் பழைய கேமராவை வாங்கி, எங்கள் குடும்பத்துக் காதுகுத்து, வளைகாப்பு எல்லாவற்றையும் நான்தான் எடுக்கிறேன். பார்ப்பவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். இதையே தொழிலாக்கிக்கொள்ள விரும்புகிறேன். மூன்று லட்சம் கடன் வாங்கி நல்ல கேமராவும் இரண்டு லென்ஸும் வாங்கு, வேலையை விட்டுவிட்டு முழு நேரமாக இறங்கு என்கிறாள் தோழி. "பொம்பளைப் பிள்ளை ராத்திரி பகல் பார்க்காம மண்டபம் மண்டபமா அலைய முடியுமாம்மா?" என்று கேட்கிறார் அப்பா. புகைப்படக் கலை படிக்காமல் இந்தத் தொழிலுக்கு வரலாமா? எந்தக் கேமரா வாங்குவது? எவ்வளவு கேட்பது? எங்கிருந்து தொடங்குவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ராஜபாளையம்

பதில்: முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலுக்குத் தாராளமாக வாருங்கள். ஆனால் கடன் வாங்க வேண்டாம். வேலையையும் இப்போது விட வேண்டாம். உங்கள் கடிதம் ஆடி மாதத்தில் வந்திருக்கிறது. ஆவணியில் முகூர்த்தங்கள் தொடங்கிவிடும். அதற்குள் உங்கள் பகுதியில் நன்றாக வேலை செய்யும் ஒரு கல்யாண போட்டோகிராபரிடம் உதவியாளராகச் சேர்ந்துவிடுங்கள். அடுத்த ஆனி வரை ஒரு முழு சீசன் அவரோடு ஓடுங்கள். கேமராவைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம்.

உங்கள் வீட்டார் பாராட்டிய படங்கள் நிச்சயம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சொந்த வீட்டு விசேஷத்தில் ஒரு படம் தவறினால் யாரும் உங்களைக் கேள்வி கேட்கப் போவதில்லை. பணம் வாங்கிக்கொண்டு எடுக்கும்போது நிலைமை வேறு. தாலி கட்டும் நேரம் சில விநாடிகள்தான். அதைத் திரும்ப நடத்தச் சொல்ல முடியாது. முன்பின் தெரியாத ஒரு குடும்பம், தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை நடக்கும் காரியத்தை நம்மை நம்பி ஒப்படைக்கிறது. அழகான படம் எடுப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எந்த வெளிச்சத்திலும், எந்த நெரிசலிலும், உடம்பு சரியில்லாத நாளிலும், எடுக்க வேண்டியதை எடுத்து, சொன்ன தேதியில் கொடுப்பவர்தான் தொழில்காரர். அந்தப் பழக்கம் கடையில் கிடைக்காது, மண்டபத்தில்தான் வரும்.

உதவியாளராக என்ன செய்வது?

முதல் சில கல்யாணங்களில் உங்கள் கையில் கேமராவே தர மாட்டார்கள். லைட் பிடிக்கச் சொல்வார்கள். பேட்டரி மாற்றச் சொல்வார்கள். குரூப் போட்டோவுக்கு ஆட்களைக் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தச் சொல்வார்கள். இது எதையும் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். லைட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவருக்குத்தான், அது அரை அடி நகர்ந்தால் முகத்தில் நிழல் எங்கே விழுகிறது என்று தெரியும். ஆட்களைக் கூப்பிடுபவருக்குத்தான் பெண் வீட்டுத் தாய்மாமன் யார், மாப்பிள்ளைக்கு அத்தை யார், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் தெரியவரும்.

தாய்மாமன் சீர் கொண்டுவந்து மாலை போடும் படம் விட்டுப்போனால், மற்ற ஆயிரம் படங்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் குடும்பம் அதை மறக்காது. சடங்குகளின் வரிசை சமூகத்துக்குச் சமூகம் மாறும். சில வீடுகளில் காசி யாத்திரையும் ஊஞ்சலும் இருக்கும். சில வீடுகளில் இருக்காது. பல வீடுகளில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார், மற்ற முடிச்சுகளை நாத்தனார் பின்னால் நின்று போடுவார். அந்தக் கையையும் சேர்த்து எடுக்க எங்கே நிற்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அம்மி மிதிப்பது எந்தப் பக்கம், அருந்ததி காட்ட எந்த வாசலுக்கு அழைத்துப் போவார்கள் என்று விடியற்காலையிலேயே புரோகிதரிடமும் வீட்டுப் பெரியவரிடமும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேவாலயத்தில் எந்த நேரத்தில் ஃபிளாஷ் அடிக்கலாம், எதுவரை முன்னால் போகலாம் என்பதைப் பாதிரியாரிடம் கேட்க வேண்டும். நிக்காஹ் என்றால் பெண்கள் பகுதியில் யார் எடுக்கலாம், யாரைப் படம் எடுக்கக் கூடாது என்று குடும்பத்தாரிடம் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

உதவியாளராக இருக்கும்போது ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கல்யாணமும் முடிந்த அன்றே, சடங்குகள் என்ன வரிசையில் நடந்தன, எந்தப் படம் தவறியது, ஏன் தவறியது என்று எழுதுங்கள். கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் உங்களுக்கு எழுதி வைக்கும் பழக்கம் இருக்கும். இந்தத் தொழிலில் பலரிடம் இல்லாத பலம் அது.

சம்பளம் பேசிக்கொள்ளத் தயங்காதீர்கள். கற்றுக்கொள்ளத்தான் வருகிறீர்கள்; ஆனாலும் விடிய விடிய உழைக்கிறீர்கள். சாப்பாடும் பயணச் செலவும் போக, நாள் ஒன்றுக்கு ஒரு தொகை என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எதுவும் தர முடியாது, கற்றுக்கொடுப்பதே பெரிது என்பவரிடம் நீண்ட நாள் இருக்க வேண்டாம்.

மண்டபத்து வெளிச்சம்

நீங்கள் வீட்டில் எடுத்த படங்களுக்கும் மண்டபத்தில் எடுப்பதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் வெளிச்சம்தான். ஃபிளாஷை மேலே திருப்பி, கூரையில் பட்டுத் திரும்பும் மென்மையான ஒளியில் எடுக்க வேண்டும் என்று பாடங்களில் சொல்வார்கள். வெள்ளைக் கூரை உள்ள அறையில் அது நன்றாகவே வேலை செய்யும். நம் மண்டபங்களில் கூரை எட்டாத உயரத்தில் இருக்கும். அல்லது மஞ்சளும் ரோஸுமாகத் துணி கட்டியிருப்பார்கள். அதில் பட்டு வரும் ஒளி பெண்ணின் முகத்தையே ரோஸ் ஆக்கிவிடும். அங்கே ஃபிளாஷைத் தனியாக ஒரு ஸ்டாண்டில் வைத்து, சாஃப்ட் பாக்ஸ் அல்லது குடை போட்டு, பக்கவாட்டிலிருந்து அடிக்கத் தெரிய வேண்டும்.

அடுத்தது படத்தில் குறுக்குக் கோடுகள் விழும் தொந்தரவு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வேகமான ஷட்டரில், அதுவும் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 என்று வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மேடைக்குப் பின்னால் எல்இடி திரை வைத்திருந்தால் அதன் துடிப்பு வேறு மாதிரி இருக்கும். விசேஷம் தொடங்கும் முன்பே இரண்டு மூன்று வேகங்களில் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

கெட்டிமேளம் கொட்டியதும் நாலா பக்கமிருந்தும் அட்சதை பறக்கும். கேமராவின் ஆட்டோஃபோகஸ், முகத்தை விட்டுவிட்டு முன்னால் பறக்கும் அரிசியைப் பிடித்துக்கொள்ளும். ஃபோகஸ் புள்ளியைச் சிறியதாக்கி, பெண்ணின் கண்ணில் நிறுத்திப் பழகுங்கள். பின்னணி மங்கலாக வந்தால் அழகு என்று அந்த நேரத்தில் லென்ஸை 1.8-இல் திறந்து வைக்காதீர்கள். மாப்பிள்ளையின் கை கூர்மையாகவும் பெண்ணின் முகம் மங்கலாகவும் வந்துவிடும். 4 அல்லது 5.6 வைத்துக்கொண்டு, குறையும் வெளிச்சத்தை ஃபிளாஷால் ஈடுகட்டுங்கள். வீடியோ எடுப்பவரோடு முதல் நாளே பேசி, யார் எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். முகூர்த்த நேரத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் மறைத்தால் நஷ்டம் அந்தக் குடும்பத்துக்குத்தான்.

நிறத்துக்கும் கண் பழக வேண்டும். அரக்குப் பட்டு, மஞ்சள் பூசிய முகம், தங்கம், மல்லிகையின் வெள்ளை, ஹோமப் புகை எல்லாம் ஒரே படத்துக்குள் வரும். ரா ஃபைலாக எடுத்தால் நிறத்தைப் பிறகு திருத்த இடம் இருக்கும். திருத்தும்போது ஒன்றை மனதில் வையுங்கள். கறுப்பான பெண்ணை வெளுப்பாக்கித் தருவது நம் ஊரில் பல காலமாக இருக்கும் பழக்கம். அது தவறு. ஒரு பெண்ணின் கல்யாண ஆல்பத்தில் அவளுடைய நிறமே அவளுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும். கறுத்த தோலுக்கு அழகாக ஒளி அமைக்கத் தெரிவது நம் ஊர்ப் புகைப்படக்காரருக்கு அடிப்படைத் தகுதி.

எந்தக் கேமரா?

உதவியாளராக இருக்கும் வருடத்தில் சித்தப்பாவின் பழைய கேமராவே போதும். அதற்கு ஒரு 50 மில்லிமீட்டர் 1.8 லென்ஸ் மட்டும் வாங்குங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் குறைந்த விலையில் விற்கும் லென்ஸ் அது. அதை வைத்துக்கொண்டு வீட்டில் பயிற்சி செய்யுங்கள். காலையில் வாசற்படியில் அம்மாவை உட்கார வைத்து எடுங்கள். அதே இடத்தில் மதியமும் மாலையும் எடுங்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல படங்களை லேபில் கொடுத்துப் பிரிண்ட் போட்டுப் பார்ப்பதும் அவசியம். செல்போன் திரையில் பளிச்சென்று தெரியும் படம், காகிதத்தில் இருட்டாக வருவது அப்போதுதான் புரியும். கடைசியில் நாம் கொடுக்கப் போவது ஆல்பம்.

முதல் சொந்த ஆர்டர் வந்ததும் கேமராவை வாடகைக்கு எடுங்கள். மதுரை போன்ற பெரிய ஊர்களில் பாடி, லென்ஸ், லைட் எல்லாம் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. வெவ்வேறு கேமராக்களைக் கையாண்டு பார்த்த பிறகு வாங்கினால், தேவையில்லாததை வாங்க மாட்டீர்கள். வாங்கும் நாள் வரும்போது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: இரண்டு மெமரி கார்டு போடும் வசதி இருக்க வேண்டும். ஒவ்வொரு படமும் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவாக வேண்டும். ஒரு கார்டு கெட்டுப்போனால் இன்னொன்று காப்பாற்றும். வீட்டுக்கு வந்ததும், தூங்கப் போகும் முன் இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏற்றி, அதில் ஒன்றை வேறு ஒருவர் வீட்டில் வைத்துவிடுங்கள். ஆல்பம் கொடுக்கும் வரை கார்டுகளை அழிக்கக் கூடாது.

கடன் வாங்கியே தீர வேண்டிய நிலை பின்னாளில் வந்தால், தனியாரிடம் வட்டிக்குப் போகாதீர்கள். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாமல் வங்கிக் கடன் உண்டு. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்கள் சிறப்புப் பிரிவில் வருகிறார்கள். திட்டச் செலவில் நகர்ப்புறத்தில் 25 சதவீதம், கிராமப்புறத்தில் 35 சதவீதம் வரை மானியம் கிடைக்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் போய்க் கேளுங்கள். அதற்கு முன் ஒரு சீசன் கணக்கு உங்கள் கையில் இருந்தால், வங்கி மேலாளரிடம் தைரியமாகப் பேச முடியும்.

படிக்க வேண்டுமா?

படிப்பு கட்டாயமில்லை, படித்தால் நல்லது. ஊட்டி அருகே லவ்டேலில் 2001-இல் தொடங்கப்பட்ட லைட் அண்ட் லைஃப் அகாடமி, புகைப்படத்துக்கென்றே முழு நேரப் பயிற்சி தரும் பள்ளி. சென்னை தரமணியில் அரசு எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படிக்கலாம். காந்திநகரில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் புகைப்பட வடிவமைப்பில் முதுகலைப் படிப்பு இருக்கிறது. விளம்பரம், ஃபேஷன், பொருள் விளம்பரப் படங்கள் போன்ற துறைகளில் பெரிய நகரத்தில் வேலை செய்ய விரும்புபவருக்கு இந்தப் படிப்புகள் வாசல் திறக்கும். உங்கள் ஊரிலேயே இருந்து கல்யாணங்கள் எடுப்பதுதான் நோக்கம் என்றால், அந்தச் செலவை இப்போது செய்ய வேண்டாம். ஒளி அமைப்பு பற்றியும் எடிட்டிங் மென்பொருள் பற்றியும் குறுகிய காலப் பயிற்சி போதும்.

எவ்வளவு கேட்பது?

புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் இதுதான். பக்கத்து ஸ்டுடியோவில் என்ன வாங்குகிறார்கள் என்று விசாரித்து, அதைவிட ஐயாயிரம் குறைத்துச் சொல்வார்கள். நீங்கள் கணக்குத் தெரிந்தவர், செலவிலிருந்து தொடங்குங்கள். ஓர் உதாரணக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். உங்கள் ஊர் நிலவரத்துக்கு ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு கல்யாணம்: முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். பேசிய தொகை 60,000 ரூபாய். இரண்டாவது போட்டோகிராபருக்கு 6,000. வீடியோ எடுப்பவருக்கு 12,000. வீடியோ எடிட்டிங் 7,000. ஆல்பம் அச்சுக்கு 10,000. வண்டி, சாப்பாடு 3,000. லென்ஸ் வாடகை 2,000. கருவிகளின் தேய்மானத்துக்கு 5,000. மொத்தம் 45,000. மிச்சம் 15,000.

இந்த 15,000-ஐ இரண்டு நாள் சம்பளம் என்று நினைப்பதுதான் தவறு. எடுத்த இரண்டாயிரம், மூவாயிரம் படங்களில் நல்லதைத் தேர்ந்தெடுப்பது, நிறம் திருத்துவது, ஆல்பம் வடிவமைப்பது, வீட்டாருக்குக் காட்டி மாற்றம் செய்வது என்று எட்டு நாளாவது போகும். ஆக, பத்து நாள் உழைப்புக்கு 15,000, நாளுக்கு 1,500. வருடத்தில் இப்படி 30 கல்யாணம் கிடைத்தால் நாலரை லட்சம்; மாதத்துக்கு 37,500. இந்தத் தொகையை உங்கள் இப்போதைய சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். பத்து கல்யாணம்தான் கிடைத்தால் என்ன ஆகும் என்பதையும் போட்டுப் பாருங்கள். தேய்மானத்தைக் கணக்கில் சேர்க்காதவர்கள், கேமரா பழுதாகும் அன்று மறுபடியும் கடன் வாங்குகிறார்கள்.

சொந்தக்காரர்கள் இலவசமாகக் கேட்பார்கள். நம் ஊரில் அதை முகத்துக்கு நேரே மறுப்பது எளிதில்லை. மறுக்கவும் வேண்டாம், கல்யாண வேலையாக மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். "கல்யாணத்துக்கு விருந்தாளியாக வருகிறேன் அத்தை, பெண்ணைத் தனியாக நாலு படம் எடுத்துப் பிரிண்ட் போட்டு மொய்யோடு சேர்த்துத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். முழுக் கல்யாணத்தையும் இலவசமாக எடுத்துக் கொடுத்தால், அடுத்த வீட்டாரும் அதே விலையைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

தொழில் தொடங்கியதும் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு செய்துவிடுங்கள். ஆதார் எண்ணை வைத்து இணையத்தில் கட்டணமில்லாமல் செய்யலாம். செலவு கழிக்காத ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போது ஜிஎஸ்டி பதிவு தேவைப்படும். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு முதல் நாளிலிருந்தே இருக்கட்டும்.

எழுத்தில் வாங்குங்கள்

எவ்வளவு தெரிந்தவர் என்றாலும் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எத்தனை பேர் வருவீர்கள், எத்தனை மணி நேரம், ஆல்பத்தில் எத்தனை பக்கம், எந்தத் தேதியில் தருவீர்கள், அட்வான்ஸ் எவ்வளவு, கல்யாண நாளில் எவ்வளவு, ஆல்பம் கொடுக்கும்போது எவ்வளவு, தேதி தள்ளிப்போனால் என்ன செய்வது, படங்களை எத்தனை மாதம் பாதுகாப்பீர்கள் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். சொன்னபடி கொடுக்காவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவர்கள் உங்கள் மேல் வழக்குப் போடலாம். எழுத்து அவர்களையும் காக்கும், உங்களையும் காக்கும்.

பல வருடம் தொழில் செய்பவர்களுக்கே தெரியாத ஒரு சட்ட விவரம் இருக்கிறது. படம் எடுத்தவருக்கே அதன் உரிமை என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, கல்யாண ஆர்டர்களில் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அதனால் உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்திலோ விளம்பரத்திலோ அந்தப் படங்களைப் போட வேண்டுமென்றால் ஒப்பந்தத்திலேயே அனுமதி வாங்குங்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு பெண்ணின் படத்தை அவளைக் கேட்காமல் ஊருக்குக் காட்டக் கூடாது. மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்தால் போதாது, பெண்ணிடமும் நேரில் கேளுங்கள்.

ட்ரோன் வேண்டும் என்று கேட்பார்கள். 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேல் எடையுள்ள ட்ரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவை. சான்றிதழ் உள்ளவரை மட்டுமே அழையுங்கள். அவுட்டோர் ஷூட்டுக்கு உங்கள் ஊர் மலையடிவாரம் அழகான இடம்தான். காட்டுக்குள் போவதென்றால் வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள்.

அப்பாவின் கவலை

உங்கள் அப்பா கேட்பது நியாயமான கேள்வி. அவரைப் பழைய காலத்து மனிதர் என்று ஒதுக்கிவிடாதீர்கள். வரவேற்பு முடிய இரவு பதினொரு மணி ஆகிவிடும். முகூர்த்தம் காலை நாலரைக்கு மேல் ஆறு மணிக்குள் என்றால் மூன்று மணிக்கே எழ வேண்டும். இடையில் தங்குவது எங்கே என்பது ஆண்களுக்குப் பெரிய கேள்வியில்லை, உங்களுக்கு இருக்கிறது. அதற்கு வழி உண்டு. பெண் வீட்டார் பக்கம் தனி அறை, அல்லது பெண்கள் தங்கும் அறையில் இடம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வண்டியும் ஓட்டுநரும் தெரிந்தவர்களாக இருக்கட்டும். குழுவில் இன்னொரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களைப்போல ஆசையோடு இன்னொருத்தி உங்கள் ஊரிலேயே இருப்பாள். முதல் கல்யாணத்துக்கு அப்பாவையே அழைத்துப் போய், நீங்கள் உதவியாளராக இருக்கும் போட்டோகிராபரை அறிமுகம் செய்து வையுங்கள்.

அதே சமயம், பெண் என்பதால் உங்களுக்கு மட்டுமே கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. மணப்பெண் அலங்கார அறையில் ஆண் போட்டோகிராபர் கதவைத் தட்டிவிட்டுச் சில நிமிடம் வந்து போக வேண்டும். நீங்கள் உள்ளேயே இருக்கலாம். பாட்டி தலை பின்னுவதும், தோழிகள் கேலி செய்வதும், அம்மா ஓரமாக நின்று கண்ணைத் துடைப்பதும் உங்களுக்குத்தான் கிடைக்கும். இந்தத் தேவையை நம் நாட்டில் வெகு காலம் முன்பே உணர்ந்திருக்கிறார்கள். புகைப்படக்காரர் லாலா தீன் தயாள் 1892-இல் ஹைதராபாத்தில் பெண்களுக்கென்றே ஒரு தனி ஸ்டுடியோ திறந்து, அதை ஒரு பெண்மணியின் பொறுப்பில் விட்டார். அந்த அறையில் ஒழுக்கமும் அதே அளவு வேண்டும். அலங்காரம் முடியாத நிலையில் எடுத்த எந்தப் படமும் பெண்ணின் சம்மதம் இல்லாமல் அறையை விட்டு வெளியே போகக் கூடாது, எடிட்டருக்கும்கூட.

ஹோமாய் வியாரவாலாவைப் பற்றி அப்பாவிடம் சொல்லுங்கள். 1913-இல் பிறந்த அவர்தான் இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். தொடக்கத்தில் அவருடைய படங்கள் கணவர் பெயரில் வெளிவந்தன. பிறகு டெல்லியில் சுதந்திரத்தின் முக்கியமான நாட்கள் பலவற்றைப் பதிவு செய்தார். 2011-இல் அவருக்குப் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது.

ஆடியும் மார்கழியும்

கல்யாணத் தொழிலில் வருமானம் மாதாமாதம் வராது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. தேவாலயக் கல்யாணங்கள் தவக்காலத்தில் நின்றுவிடும். அந்த மாதங்களுக்கு இரண்டாவது வருமானம் ஒன்று வேண்டும். உங்களுக்குப் பக்கத்திலேயே சிவகாசி இருக்கிறது. காலண்டர், அட்டைப்பெட்டி, லேபிள் என்று அச்சுத்தொழில் நிறைந்த ஊர். அங்கே அச்சாகும் பெட்டிகளுக்கும் விலைப்பட்டியல்களுக்கும் பொருள்களைப் படம் எடுத்துக் கொடுக்க ஆள் தேவைப்படுகிறது. ஒரு மேசை, இரண்டு லைட், ஒரு வெள்ளைப் பின்னணி இருந்தால் வீட்டிலேயே பயிற்சியைத் தொடங்கிவிடலாம். பெண்களுக்கு இரவுப் பயணம் இல்லாத வேலை என்பது கூடுதல் நன்மை. பிறந்த குழந்தைகளின் படங்கள், பள்ளி ஆண்டு விழாக்கள் ஆகியவையும் அந்த மாதங்களுக்குக் கைகொடுக்கும்.

பணத்துக்காக எடுப்பதோடு, உங்களுக்காக ஒன்றை விடாமல் எடுத்துக்கொண்டிருங்கள். மதுரையைச் சேர்ந்த எம். பழனிகுமார், தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையைப் பல வருடங்களாகப் படமெடுத்து வருபவர். கிராமப்புற வாழ்வைப் பதிவு செய்யும் பாரி தளமும் புகைப்படக் கலைஞர் தயானிதா சிங்கும் இணைந்து அளிக்கும் ஆவணப் புகைப்பட விருதை 2022-இல் பெற்றார். தான் பிறந்து வளர்ந்த உழைப்பாளி மக்களின் உலகத்தைத்தான் அவர் எடுத்தார். நூற்பாலையில் வேலை செய்யும் பெண்களின் உலகம் உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு வெளியூரிலிருந்து வரும் எந்தப் புகைப்படக்காரருக்கும் தெரியாது. அவர்கள் சம்மதத்தோடு, வேலை முடிந்து வீடு திரும்பும் அவர்களை, அவர்களுடைய வீடுகளை எடுக்கத் தொடங்குங்கள். அதில் உடனடி வருமானம் இருக்காது. உங்களுக்கென்று ஒரு பார்வை உருவாவது அதில்தான்.

வேலையை எப்போது விடுவது?

இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். ஆறு மாத வீட்டுச் செலவுக்கான பணம் வங்கியில் இருக்க வேண்டும். வரும் சீசனுக்கு, சொந்தக்காரர்களும் நண்பர்களும் அல்லாத பத்துக் குடும்பங்களாவது அட்வான்ஸ் கொடுத்திருக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் படங்களைப் பார்த்து, விலையைக் கேட்டு, அட்வான்ஸ் கொடுப்பதுதான் நீங்கள் தொழில்காரர் ஆகிவிட்டீர்கள் என்பதற்கு அடையாளம். இரண்டும் சேர ஒரு வருடமும் ஆகலாம், மூன்று வருடமும் ஆகலாம். அதுவரை ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தங்களும் விடுமுறை நாள் விசேஷங்களும் உங்களுக்குப் போதுமான பயிற்சி தரும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்றுதான். நீங்கள் எடுத்தவற்றில் சிறந்த இருபது படங்களை எட்டுக்குப் பன்னிரண்டு அளவில் பிரிண்ட் போடுங்கள். உங்கள் ஊரிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சிவகாசியிலும் யாருடைய ஆல்பங்கள் உங்களுக்குப் பிடித்திருக்கின்றன என்று பார்த்து, அவர்களில் மூன்று பேரை நேரில் சந்தியுங்கள். "லைட் பிடிக்க வருகிறேன், இந்த சீசன் முழுக்க உங்களோடு வேலை செய்கிறேன்" என்று கேளுங்கள். ஒருவராவது சரி என்பார். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு மண்டபத்தில் நில்லுங்கள்.